சின்னப் பெட்டி வாங்கலாமா, அண்ணாச்சி?

புளியரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

“அண்ணாச்சி, கல்யாண வீடியோ, ஆல்பம் இரண்டும் செய்கிறேன். பாதி வேலை ஆரியங்காவு, தென்மலை, புனலூர் பக்கம். 2016இல் அசெம்பிள் செய்த டவர் சிஸ்டம், ஆறாம் தலைமுறை ஐ5. இடையில் ரேமை 8இலிருந்து 16 ஜிபி ஆக்கினேன். எஸ்எஸ்டி போட்டேன். இரண்டு ஹார்டு டிஸ்க் சேர்த்தேன். கிராபிக்ஸ் கார்டு ஒரு தடவை மாற்றினேன். ஒரு ஐப்பசி இடியில் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை போய், அதையும் மாற்றினேன். இப்போது புதுக் கேமராவின் 4கே ஃபுட்டேஜைப் போட்டால் திணறுகிறது. கடை பத்துக்கு எட்டு அடி, காலடியில் டவர் நிற்கவே இடமில்லை. மகன் ஆப்பிளின் மேக் மினி வாங்கச் சொல்கிறான். புனலூர் நண்பரோ, சின்னப் பெட்டியில் பின்னால் ஒன்றுமே மாற்ற முடியாது, டவரையே வாங்கு என்கிறார். செங்கோட்டைக் கடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மினி பிசி காட்டினார்கள். எடிட்டிங் எடியஸ் சாஃப்ட்வேரில்தான். ஆல்பத்தில் தமிழும் மலையாளமும் அடிக்க வேண்டும். ஒன்றேகால் லட்சம் வரை போடலாம். சின்னப் பெட்டி வாங்கி மாட்டிக்கொள்வேனா? பழைய டவரை 8,000 ரூபாய்க்கு ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாமா?”

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, இத்தனை வருஷத்தில் என்னென்ன மாற்றினீர்கள் என்று எழுதியிருக்கிற இடம். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ‘பின்னாடி அப்கிரேடு பண்ற மாதிரி வேணும்’ என்பார்கள். இதுவரை என்ன அப்கிரேடு செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் இருக்காது. உங்களுக்கு இருக்கிறது. அந்த ஐந்து செலவையும் எடுத்து, சின்னப் பெட்டியாக இருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம்.

ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி. இதற்காக டவர் வாங்கிய காலம் போய்விட்டது. உங்கள் கேமரா 4கேயில் நொடிக்கு 200 மெகாபிட் எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டால் வகுத்தால் 25 மெகாபைட். மூன்று கேமராவையும் ஒரே டைம்லைனில் அடுக்கி ஓட்டினாலும் நொடிக்கு 75 மெகாபைட்தான். 10 ஜிபிபிஎஸ் யூஎஸ்பி-சி போர்ட்டில் மாட்டுகிற வெளி எஸ்எஸ்டி நொடிக்கு ஆயிரம் மெகாபைட்டை ஒட்டித் தரும். ஆக, ஃபுட்டேஜ் பெட்டிக்கு வெளியே இருப்பதால் எடிட்டிங் வேகம் குறையாது. அதே கணக்கில் ஒரு கேமராவின் ஒரு மணி நேரம் 90 ஜிபி ஆகிறது. பெட்டிக்குள் 256 ஜிபி என்றால் விண்டோஸும் எடியஸும் போக மீதியில் ஒரு முகூர்த்தம்கூட முழுசாக அடங்காது. எப்படியும் வெளியே வைக்கத்தான் போகிறீர்கள். உள்ளே பெரிதாக வாங்கப் பணம் கொட்ட வேண்டாம், 512 ஜிபி போதும்.

ரேம் வேறு கதை. அதை வெளியே மாட்ட வழியே இல்லை.

அடுத்த தடவை செங்கோட்டைக்குப் போகும்போது அந்த மினி பிசியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லெனோவோ, டெல், ஹெச்பி மூன்றும் ஆபீஸ்களுக்கென்று விற்கிற ‘ஒரு லிட்டர்’ பெட்டியாக இருந்தால் பெரும்பாலும் பின்பக்கம் ஒரு திருகுதான். 18 சென்டிமீட்டர் நீளம், 18 அகலம், மூன்றரை உயரம், பெருக்கினால் ஒரு லிட்டரும் கொஞ்சமும். அதனால்தான் அந்தப் பெயர். மூடி நழுவி வந்ததும் விரல் நீளத்தில் இரண்டு பட்டைகள் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் லேப்டாப் ரேம். சரிவாகச் செருகிக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் சின்னக் கொக்கி ‘டிக்’கென்று பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகூட மாற்றிவிடும். சில மினி பிசிகளில் அந்தப் பட்டைகள் இருக்காது. பிராசஸரை ஒட்டிக் கறுப்புச் சிப்புகள் போர்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் கடுகைவிடப் பொடியான சாலிடர் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அங்கே கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. வெளியே பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால்தான் திறக்கச் சொல்கிறேன். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200 வரிசையில் பெயர் ‘வி’ என்று முடிகிற சிப் ஒன்று உண்டு. அதில் ரேம் சிப்போடு சேர்ந்தே 16 அல்லது 32 ஜிபியாக வரும். மேக் மினியும் இந்த ஜாதிதான்.

ரேமை ஒட்டி விற்பதே நம்மை ஏமாற்றத்தான் என்று உங்கள் நண்பர் சொல்லியிருப்பார். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. டிடிஆர்5-5600 ரேம் இரண்டு பட்டை போட்டால் கணக்குப்படி நொடிக்கு 89.6 ஜிபி வேகம். ஆப்பிளின் எம்4 சிப் உள்ள மேக் மினியில் ஒட்டின ரேமுக்கு 120, எம்4 புரோ சிப்பில் 273. ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே வழி நீளம் குறையக் குறைய வேகம் கூடுகிறது, கரண்ட் குறைகிறது. ஃபிரேம்வொர்க் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. வாங்கியவரே கழற்றி மாட்டுகிற லேப்டாப்புக்குப் பேர்போனது. அவர்களே 2025இல் டெஸ்க்டாப் கொண்டுவந்தபோது ரேமைச் சாலிடர் செய்துதான் விற்றார்கள். அந்த ஏஎம்டி சிப்புக்கு நொடிக்கு 256 ஜிபி வேகம் தேவை, கழற்றுகிற ரேமில் அது நிற்கவில்லை என்று காரணமும் சொன்னார்கள். காரணம் நியாயம்தான். ஆனால் அந்த வேகத்தை வாங்கும்போது, இனிமேல் கூட்ட முடியாது என்பதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

என் கடையிலேயே இது நடந்தது. 2017இல் பில் போட ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். 4 ஜிபி, ஒட்டினது. பில் போட 4 போதாதா என்று நினைத்தேன். மூன்று வருஷத்தில் விண்டோஸ் அப்டேட்டே அதைத் தின்றுவிட்டது. ஒரு பாகமும் கெடவில்லை, ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனால் பில்லைத் தட்டிவிட்டு வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ரேமில் தீர வேண்டிய விஷயத்துக்குப் பெட்டியையே மாற்றினேன். அதிலிருந்து, ரேம் ஒட்டின பெட்டி கேட்டு யார் வந்தாலும் இன்றைய தேவையைக் கேட்டு, அதை இரண்டால் பெருக்கித்தான் சொல்கிறேன். உங்களுக்கு இப்போது 16 ஜிபி திணறுகிறது என்றால் 32 ஜிபி. ஸ்லாட் இருக்கிற பெட்டியானாலும் அதே 32ஐ வாங்கும்போதே போட்டுவிடுங்கள். ‘இப்போ கம்மியா வாங்குங்க, அடுத்த வருஷம் விலை இறங்கும், அப்போ போட்டுக்கலாம்’ என்று நானே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் ரேமை அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்த பிறகு, அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. உங்கள் பயமெல்லாம் இதில்தான் இருக்கும். பெரும்பாலான ஒரு லிட்டர் பெட்டிகளிலும் மேக் மினியிலும் தனிக் கார்டு மாட்ட இடமில்லை, இது உண்மை. ஆனால் உங்கள் சிஸ்டம் திணறுவது கார்டு பழசு என்பதால் மட்டும் இல்லை. இப்போது வருகிற கேமராக்கள் பலவும் ஹெச்.265 என்கிற சுருக்க முறையில், நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கிற 10-பிட் 4:2:2 என்று எழுதுகின்றன. அதைப் பிரித்துப் படிக்க சிப்புக்குள்ளேயே அதற்கென்று ஒரு பகுதி வேண்டும். இன்டெல்லில் அதன் பெயர் குயிக் சிங்க். 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பிலிருந்து இந்த 4:2:2 அதில் ஓடுகிறது. ஆப்பிளின் எம் வரிசையிலும் ஓடுகிறது. என்விடியா கம்பெனிக் கார்டுகளிலோ 2025இல் வந்த 50 வரிசையில்தான் இது சேர்ந்தது. அதற்கு முந்தின கார்டை எவ்வளவு விலை கொடுத்து உங்கள் டவரில் மாட்டினாலும் இந்த ஃபுட்டேஜுக்கு அது கை கொடுக்காது. எடியஸும் குயிக் சிங்க்கை நன்றாகவே பயன்படுத்தும். அதனால் உங்கள் வேலைக்குக் கார்டு இல்லாத சின்னப் பெட்டி குறையே இல்லை. ஒன்றைமட்டும் கவனியுங்கள். இன்டெல் பிராசஸர் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, குயிக் சிங்க்கும் கிடையாது. டவர் அசெம்பிள் செய்கிறவர்கள் கொஞ்சம் மிச்சம் என்று அதைத் தள்ளிவிடுவார்கள்.

கலர் கிரேடிங், நாய்ஸ் எடுப்பது, ஏஐயை வைத்து முகம் துலக்குவது எல்லாம் தினமும் செய்கிற ஆளாக இருந்தால் இந்தப் பதிலையே மாற்றிச் சொல்லியிருப்பேன். அவர்களுக்குப் பெரிய கார்டும் அதை மாட்ட டவரும் வேண்டும். அடுத்த கார்டு எப்படி வரும் என்று இன்றைக்கே யாராலும் சொல்ல முடியாது. ஆப்பிளே அதில் மாட்டியிருக்கிறது. 2013இல் உருளை வடிவத்தில் ஒரு மேக் புரோ கொண்டுவந்தார்கள். கால் மீட்டர் உயரம், நடுவே முக்கோணமாக ஒரு ஹீட் சிங்க், ஒரே ஒரு ஃபேன், இரண்டு சின்ன கிராபிக்ஸ் சிப். உலகம் ஒரே பெரிய கார்டு பக்கம் போனதும் அந்த உருளைக்குள் சூட்டை வெளியேற்ற வழியில்லை. வருஷக்கணக்கில் புதுப்பிக்காமல் வைத்திருந்து, 2017 ஏப்ரலில் வடிவமைப்பில் தாங்களே முட்டுச்சந்துக்குள் போய்விட்டதாக ஒப்புக்கொண்டு, 2019இல் ஸ்லாட்டுகளோடு பெரிய டவரையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இனி எஸ்எம்பிஎஸ். அண்ணாச்சி எதற்கு இதைக் கடைசியில் வைத்தார் என்று கேட்டால், நான் சொல்ல வந்ததே இதுதான். கூட்ட முடியுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தைமட்டும் மாற்ற முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊருக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

மலை அடிவாரத்தில் இருக்கிறோம். ஆனி, ஆடியில் சாரல் ஈரம். ஐப்பசி வந்தால் சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் கோட்டைவாசல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வருகிற இடி. கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அதைத் துலாமழை என்பார்கள், இன்னும் உக்கிரமாக இருக்கும். போன ஐப்பசியில் தென்மலைப் பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் தன் சின்னப் பெட்டியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துவந்தார். மூடியைத் திறந்ததுமே கருகின வாடை. லேன் போர்ட்டுக்குப் பின்னால் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார், மோடத்திலிருந்து வருகிற லேன் ஒயரை மறந்துவிட்டார். போர்டு முழுக்கப் போய்விட்டது. அந்தப் பெட்டியில் ஸ்டோரேஜும் போர்டோடு ஒட்டினது, அதிலுள்ள டேட்டாவைப் பூட்டித் திறக்கிற ரகசியச் சாவியும் பிராசஸருக்குள். மூன்று கல்யாணத்தின் ஃபுட்டேஜ் அதில் இருந்தது. கேமரா கார்டுகளை அழித்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோயிருந்தார். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, இதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது என்று சொன்ன அந்த அரைமணி நேரம் எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

உங்கள் டவருக்கு இடி விழுந்தபோது எஸ்எம்பிஎஸ் மட்டும் போனது. இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பினீர்கள். சின்னப் பெட்டியில் போர்டு போனால் கிட்டத்தட்ட எல்லாமே போன மாதிரி. சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால் பத்து நாளோ பதினைந்து நாளோ. அதுவும் ஆவணியில் நடந்தால்? ஆடி முடிந்து நமக்கு ஆவணி பிறக்கிறபோதே மலையாளத்தாருக்குச் சிங்ஙம், இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் கல்யாணம். அந்த மாதம் பெட்டி நிற்கக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்களைச் சின்னப் பெட்டியே வாங்கச் சொல்கிறேன். பத்துக்கு எட்டு கடையில் காலை நீட்டி உட்கார முடியாமல் தினமும் பத்து மணி நேரம் வேலை செய்வதும் ஒரு கஷ்டம்தான். பையில் போட்டுப் புனலூர் மண்டபத்துக்கு எடுத்துப் போய் அங்கேயே ஹைலைட்ஸ் வெட்டிக் கொடுக்கவும் அது உதவும்.

மேக் மினி வேண்டாம், அதன் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஐந்து அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரத்தில் அப்படியொரு வேகம், சத்தமே இல்லை. 2024இல் 59,900 ரூபாய்க்கு வந்தது. ஆனால் எடியஸ் விண்டோஸில்தான் ஓடும். மலையாளத்தை யூனிகோடில் அடித்தால் எங்கேயும் அடிக்கலாம், சி-டாக்கின் ஐஎஸ்எம் வைத்து எம்எல் ஃபாண்டில் அடிக்கிறீர்கள் என்றால் அதுவும் விண்டோஸ்தான். மகன் சொல்கிறான் என்று அதை வாங்கினால் பத்து வருஷத்துக் கைப்பழக்கத்தையும் பழைய புராஜெக்ட் ஃபைல்களையும் மாற்ற வேண்டிவரும். அவன் எடிட்டிங் பழகும்போது டாவின்சி ரிசால்வில் பழகட்டும், அது இரண்டிலும் ஓடும். பிற்பாடு அவனுக்கென்று வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு லிட்டர் பெட்டி எடுங்கள். 13ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தினதோ, இன்டெல், ரேம் ஸ்லாட் இரண்டு, எஸ்எஸ்டி மாட்டுகிற எம்.2 ஸ்லாட் இரண்டு உள்ளதாக. பிராசஸர் பெயர் பெரும்பாலும் ‘டி’ என்று முடியும், 35 வாட்டுக்குக் கட்டுப்படுத்தினது. எடிட்டிங்கில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஒரு மணி நேர எக்ஸ்போர்ட்டில் தெரியும். சூடேற ஏற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், முழு டவரைவிட நேரமாகும். ராத்திரி போட்டுவிட்டுப் போங்கள். மானிட்டருக்குப் பின்னால் சுவரை ஒட்டியோ டிராயருக்குள்ளோ வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஒரே திருகைக் கழற்றி ஃபேனுக்கு அடியில் பாருங்கள், ஹீட் சிங்க் மேல் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். பிரஷ்ஷால் தள்ளினால் போதும்.

இந்தப் பெட்டிகளுக்கு அடாப்டர் வெளியே இருப்பது நமக்குச் சாதகம். கரண்ட் ஏற்ற இறக்கத்தில் பல தடவை அடாப்டரோடு போய்விடும், போர்டு தப்பிக்கும். கம்பெனிக்குக் கம்பெனி முனை வேறு என்பதால் அவசரத்துக்குக் கிடைக்காது, அதனால் அதே கம்பெனி அடாப்டர் இன்னொன்று சேர்த்தே வாங்கி வையுங்கள். வாரண்டி ஆன்சைட்டா, ஆள் புளியரைக்கே வருவாரா என்று பின்கோடைச் சொல்லிக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

பாக்கிப் பணத்தில் ஆன்லைன் யூபிஎஸ் இல்லாவிட்டாலும் நல்ல யூபிஎஸ் ஒன்று, அப்புறம் வெளி எஸ்எஸ்டி இரண்டு. ஒன்றில் எடிட்டிங், இன்னொன்றில் அதே ஃபுட்டேஜின் நகல். நகல் வீட்டுக்குப் போக வேண்டும், கடையில் இருக்கக் கூடாது. இரண்டிலும் ஏறிய பிறகுதான் கேமரா கார்டை அழிக்க வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகு பெட்டியை மாட்டுங்கள். ஐப்பசியில் கடை பூட்டும்போது பவர் பிளக்கோடு லேன் ஒயரையும் பிடுங்குங்கள்.

சரி, பழைய டவர். 8,000க்குக் கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு அப்டேட் நின்றது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோதான் கேட்கும். ஆகவே அதில் நெட்டைக் கழற்றிவிடுங்கள், எடியஸும் ஃபாண்டுகளும் அப்படியே இருக்கட்டும். தூசி தட்டி வீட்டுக் கூடத்தில் ஓரமாக வையுங்கள். ஆல்பம் வேலையை வீட்டிலிருந்தே அதில் பார்க்கலாம். சின்னப் பெட்டி சர்வீஸுக்குப் போகிற வாரத்தில் ஃபுட்டேஜை லேசாக்கி, அதாவது பிராக்ஸி போட்டு, அதிலேயே கல்யாணத்தை வெட்டிக் கொடுத்துவிடலாம். மாதம் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சாரல் மாதத்தில் வாரம் ஒரு தடவை, அரைமணி நேரமாவது ஓடட்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் ரேம் காலில் பச்சை பிடித்துவிடும்.